சேலைக் குடோனில் ஒரு கடல்

கடலுக்கு அடியில் நீந்திக்கொண்டிருந்த ஆமைக்குப் பின்னால் குக்கர் விசில் அடித்தது. எங்களிடம் ஒலிக்கதை செய்து தரக் கேட்டிருந்த நிறுவனத்துப் பெண் அதைத் தொலைபேசியில் சிரிக்காமல்தான் சொன்னார்.

“ரெண்டாவது பகுதியில, ஆமை ஜெல்லி மீனைப் பாத்துப் பயப்படுற இடம் இருக்குல்ல? அங்க பின்னாடி விசில் கேக்குது. மொதல் பகுதியில வண்டி ஹாரன். இதை இப்படியே எடுத்துக்க முடியாதுங்க. வேற எடத்துல பதிவு பண்ணி அனுப்புங்க.”

தரமணியில் பார்த்துக்கொண்டிருந்த அலுவலக வேலையை விட்டுவிட்டு, குரல் கொடுப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டிருந்தேன். விளம்பரம், பாடக் காணொளி, ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று சொல்லும் தொலைபேசிக் குரல், எது வந்தாலும் பேசுவேன். ஆனால் நானே எழுதிய கதையை நானே சொல்வது அதுதான் முதல் தடவை. சென்னைக் கடற்கரையில் முட்டையிலிருந்து பொரிந்து வெளிவந்த ஓர் ஆமை, கடலெல்லாம் சுற்றிவிட்டு முட்டையிட அதே கரைக்குத் திரும்பி வருகிற கதை. குழந்தைகள் கைபேசியில் கேட்பதற்காக எட்டுப் பகுதிகள். அந்த வேலை கிடைத்த அன்று மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில், காய்கறிக் கடைகளுக்கு நடுவே, எதையும் வாங்காமல் சும்மா நடந்துகொண்டிருந்தேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஒலிப்பதிவுக்கு ஒரு நண்பன் இருந்தான். அடையாறு ஆற்றங்கரைக் குடிசைப் பகுதியில் வளர்ந்தவன். அந்த வீடுகளை எடுத்துவிட்டு அவன் குடும்பத்தை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டார்கள். கச்சேரி, குறும்படம், கல்யாணம் என்று நேரம் காலம் இல்லாத வேலை என்பதால், இவன் மட்டும் திருவல்லிக்கேணியில் தனி ஆட்கள் தங்கும் மேன்ஷன் ஒன்றில் ஒரு கட்டிலை வாடகைக்குப் பிடித்துத் தங்கியிருந்தான். நல்ல மைக் வைத்திருந்தான். இடம்தான் இல்லை. ஒலிப்பதிவுக்கூடம் வாடகைக்கு எடுத்தால் எங்கள் இருவருக்கும் வருகிற மொத்தக் கூலியும் அதற்கே போய்விடும். அதனால்தான் என் வீட்டில் போர்வைக்குள் உட்கார்ந்து பதிவு செய்தோம்.

கீழ் வீட்டு மாமியிடம் போய்க் கேட்டேன், மத்தியானம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லாமல் இருக்க முடியுமா என்று.

“நீ நன்னா பேசறேடீ, நேக்கும் கேக்கப் பிடிச்சுதான் இருக்கு,” என்றார் மாமி. “ஆனா ஆத்துல சமையல் நடக்கணுமோல்லியோ? குக்கரை வாயைப் பொத்திண்டு இருன்னு சொல்ல முடியுமா?”

நியாயம்தான். தெரிந்தவரிடம் கார் கேட்டு வாங்கி, அதற்குள் உட்கார்ந்து பார்த்தோம். அடையாறு பகுதியில் மரம் அடர்ந்த தெருவாகத் தேடி நிறுத்தினோம். ஏசியைப் போட்டால் அது இரைந்தது. நிறுத்தினால் வெந்தோம். மரம் இருந்த இடத்தில் காக்காயும் இருந்தது. நண்பன் ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டான்.

“இன்னா மச்சி இது, ஊரே பேசிக்கினு கீது. ஒரு நிமிசம் வாய மூடமாட்டேங்குது.”

எங்களுடைய மூன்றாவது ஆள் அக்கா. அடையாற்றில் ஒரு வீட்டு மாடியில் தையல் மிஷின் போட்டு, நாடகங்களுக்கும் நாட்டிய நிகழ்ச்சிகளுக்கும் உடை வடிவமைத்துத் தைத்துக் கொடுப்பவர். ஒரு நாடகத்தில் நான் பின்னணிக் குரல், நண்பன் ஒலி, அக்கா உடை. அப்படித்தான் மூவரும் பழக்கம். இடம் தேடி நாங்கள் பட்ட பாட்டைக் கேட்டதும், “கனமான துணியா வாங்கி ஒரு கூடாரம் தெச்சுத் தரேன், அதுக்குள்ள உக்காந்து பேசு,” என்றார். துணி எடுக்கத் தி. நகருக்குக் கிளம்பினோம்.

அக்கா வழக்கமாகத் துணி எடுப்பது ஐந்து மாடி ஜவுளிக்கடை ஒன்றில். அதன் முதலாளி தென்மாவட்டத்துக்காரர். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கடைக்குப் பின்னால் இருந்த சந்தில் அவர்களுடைய குடோன். ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்று எங்களை அனுப்பினார்கள். மூன்றாவது மாடி. கடைப் பணியாளர் ஒருவர் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார்.

தரையிலிருந்து கூரை வரை சேலைக் கட்டுகள். நடுவில் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு வழி. நான் உள்ளே போய், “அக்கா, இந்தப் பச்சை எப்படி இருக்கு?” என்று கேட்டேன். கேட்டதும் நின்றுவிட்டேன். என் குரல் எனக்கே அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு சுத்தமாக இதற்கு முன் கேட்டதே இல்லை. தி. நகரின் அத்தனை இரைச்சலும் அந்தச் சேலைகளுக்கு அப்பால் எங்கோ நின்றுகொண்டிருந்தது.

நண்பன் ஒரு முறை கை தட்டினான். ‘டப்’ என்று விழுந்த சத்தம் விழுந்த இடத்திலேயே செத்தது. இன்னொரு முறை தட்டினான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

“மச்சி, பேசு. எதுனா பேசிக்கினே இரு.”

நான் ஆமைக் கதையின் முதல் பத்தியைச் சொல்ல ஆரம்பித்தேன். கதவைத் திறந்துவிட்டவர் கையில் சாவியோடு கேட்டுக்கொண்டு நின்றார். அக்கா பச்சைத் துணியை மறந்துவிட்டார்.

மூவரும் படியில் ஓடி இறங்கி நேராக அண்ணாச்சியிடம் போனோம். அவர் கல்லாவுக்குப் பின்னால் மோர் குடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“ஒருத்தரா சொல்லுங்க. குடோன்ல என்ன பண்ணணுங்கிய?”

“கதை சொல்லணும் அண்ணாச்சி,” என்றேன்.

“யாருக்கு? சேலைக்கா?”

விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். “சரக்கு இருக்குற எடம்மா. தீ, தண்ணி, எதும் ஆவாது. அதுவும் ஆடி வாரப்போவுது.”

அந்தச் சமயம் பார்த்துக் கடையின் ஒலிபெருக்கி அலறியது. யாரையோ எங்கேயோ வரச் சொன்னது. யாரை, எங்கே என்பது எங்கள் யாருக்கும் புரியவில்லை. அண்ணாச்சியே முகத்தைச் சுளித்தார். நண்பன் மேலே கூரையைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, ஸ்பீக்கரு ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கினு கீது. அதான் மோதிக்குது. நான் சரி பண்ணித் தரேன். இவங்க புதுசா அறிவிப்பெல்லாம் பேசித் தருவாங்க. நீங்க எங்களுக்குக் காலைல கடை தொறக்கிறதுக்கு முன்ன குடோனைக் குடுங்க.”

அண்ணாச்சி மோரைக் கீழே வைத்தார். “மொதல்ல இத சரி பண்ணிக் காட்டுங்க. பொறவு பாப்போம்.”

அன்று மத்தியானமே நண்பன் ஏணி போட்டு ஏறிவிட்டான். ஒவ்வொரு மாடியாக ஸ்பீக்கரைத் திருப்பினான், சிலதின் சத்தத்தைக் குறைத்தான், கண்ணாடிச் சுவரைப் பார்த்து இருந்த ஒன்றைக் கழற்றி வேறு தூணில் மாட்டினான். நான் கீழ்த்தளத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “கேக்குதா? இப்ப கேக்குதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது ஓர் அம்மா பதற்றத்தோடு வந்தார். கூட வந்த கணவரைக் காணவில்லை, அவருடைய போனும் தன்னிடமே இருக்கிறது என்றார். நான் மைக்கில், நீலக் கட்டம் போட்ட சட்டை, கையில் குடை வைத்திருப்பவர், உங்கள் மனைவி கல்லா அருகே காத்திருக்கிறார் என்று நிதானமாகச் சொன்னேன். ஐந்து மாடியிலும் ஆட்கள் திரும்பித் தங்கள் பக்கத்தில் இருப்பவரின் சட்டையைப் பார்த்திருக்கிறார்கள். எனக்கு நேர் எதிரே, தூணுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தவர் கண் விழித்தார்.

“நான் எங்கயும் போவலையே. அவதான் என்னை உக்கார வெச்சுட்டுப் போனா.”

அண்ணாச்சி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். மறுநாள் காலை முதல் எங்களுக்குச் சாவி கிடைத்தது. கூடவே கட்டளைகளும். தீப்பெட்டி கூடாது, டீ கூடாது, புதுச் சரக்கு ஒன்றைக்கூடப் பிரிக்கக் கூடாது. “ஒரு மடிப்பு கலைஞ்சாலும் எவனும் வாங்கமாட்டான், பாத்துக்கிடுங்க.”

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பரபரக்கும். மயிலாப்பூரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே கிளம்பிவிடுவேன். கடைகளெல்லாம் ஷட்டர் இறங்கிக் கிடக்க, பூக்காரர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். குடோனில் மின்விசிறி போட முடியாது, சத்தம் வரும். புதுத் துணியின் கஞ்சி வாசனைக்கு நடுவில் வியர்க்க வியர்க்கப் பேசினேன். முதல் இரண்டு பகுதிகளைத் திரும்பப் பதிவு செய்து அனுப்பினோம். நிறுவனத்துப் பெண் ஒரே வரியில் பதில் போட்டார்: ‘இதுதான் வேண்டும்.’

அக்காவுக்கு உண்மையில் அங்கே வேலை இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். மூன்றாவது பகுதியில் அலைச் சத்தம் தேவைப்பட்டது. நண்பன் மெரினாவில் போய்ப் பதிவு செய்து வந்ததில் அலையைவிட சுண்டல்காரர் குரல்தான் அதிகம் இருந்தது. அவன் அதைத் திட்டிக்கொண்டே வெட்டிக்கொண்டிருக்கும்போது, ஓரத்தில் கிடந்த பழுதுபட்ட துணிகளின் மூட்டையை அக்கா கிளறிக்கொண்டிருந்தார். ஒரு மெல்லிய பட்டுத் துணியை எடுத்து இரண்டு கையாலும் மெதுவாக இழுத்துவிட்டார். நண்பன் ஹெட்போனோடு நிமிர்ந்தான்.

“அக்கா, இப்ப இன்னா பண்ண?”

“ஒண்ணும் பண்ணலையே. துணி எப்படி இருக்குன்னு பாத்தேன்.”

“திரும்பப் பண்ணு. மைக்குகிட்ட வந்து பண்ணு.”

கரையில் ஏறிய அலை நுரையாகிப் பின்வாங்கும் சத்தம் அந்தத் துணியில் இருந்தது. ஹெட்போனை என் காதில் வைத்தபோது பாதம் நனைந்ததைப் போல இருந்தது. அதற்குப் பிறகு அக்காவை நிறுத்த முடியவில்லை. கஞ்சி போட்ட வேட்டியை உதறினால் கடல் பறவை எழும்பியது. தடித்த படுக்கை விரிப்பைத் தரையில் இழுத்தால் ஆமை மணலில் ஏறியது. சேலை சுற்றி வரும் பிளாஸ்டிக் உறையை விரல் நுனியால் தட்டினால் மழை. ஒவ்வொன்று கிடைக்கும்போதும் மூவரும் ஹெட்போனுக்கு அடித்துக்கொண்டோம். நான் கதையை மாற்றி எழுத ஆரம்பித்தேன். மழையே இல்லாத பகுதியில் மழை வந்தது, அக்காவின் கையில் அது இருந்ததால்.

“இருபது வருசமா துணியைப் பாத்துக்கிட்டு இருக்கேன்,” என்றார் அக்கா, ஒரு நாள் காலை குடோனிலிருந்து இறங்கும்போது. “இது ஒரு நாளும் எங்கிட்ட இப்படிப் பேசினதில்ல.”

ஏழு பகுதிகள் முடிந்தன. எட்டாவதுதான் மிச்சம். ஆமை நிலா வெளிச்சத்தில் கரையேறி முட்டையிடுகிற பகுதி. கிசுகிசுப்பாகச் சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். மறுநாள் மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். காலையில் போய்க் கதவைத் திறந்தோம்.

குடோன் காலி.

ஆடித் தள்ளுபடி அன்றைக்குத்தான் ஆரம்பம். முந்தின ராத்திரியே எல்லாக் கட்டுகளையும் கடைக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். இரும்பு அடுக்குகளும் வெறும் சுவரும் மட்டும் இருந்தன. நண்பன் பழக்கத்தில் கை தட்டினான். சத்தம் நான்கு சுவரிலும் முட்டி ஓடி, வெகுநேரம் கழித்து அடங்கியது.

அக்கா ஓடிப்போய் எங்கிருந்தோ ஒரு மூட்டை பழைய கம்பளி கொண்டுவந்தார். சென்னையில் ஆடி மாதம் கம்பளி கேட்க யாரும் வரமாட்டார்கள், அதனால் அது மட்டும் தப்பியிருந்தது. என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, மைக்கையும் சேர்த்து மேலே போர்த்தினார். எதிரொலி போய்விட்டது. மூச்சும் போய்விட்டது. ஒரு பக்கம் படிப்பதற்குள் வியர்வை கண்ணில் இறங்கி எழுத்து தெரியவில்லை. போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

“ரெண்டு பக்கம் ஓட்டலாம்,” என்றான் நண்பன். “முழுக்க ஓட்ட முடியாது. நீ மயங்கி வுழுந்துருவ.”

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. காலி அறையின் நடுவில் நின்று, ஆமையின் குரலில், “யாராவது இருக்கீங்களா?” என்று கத்தினேன். ‘இருக்கீங்களா’ என்று அறை திருப்பிக் கேட்டது.

அக்கா வாசல் பக்கம் நின்றிருந்தார். “இன்னொரு தடவை கூப்பிடு,” என்றார் மெதுவாக. “யாரோ பதில் சொல்ற மாதிரியே இருக்கு.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முழுக்கதையும் தெரிந்துவிட்டது. ஆமை நேராகக் கரைக்கு வரவில்லை. வழியில் மூழ்கிப்போன ஒரு பழைய கப்பலின் வயிற்றுக்குள் மாட்டிக்கொள்கிறது. இருட்டு. கூப்பிடுகிறது. பதில் வருகிறது. இன்னோர் ஆமை இருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறது. பேசிப் பேசிப் பார்த்த பிறகுதான் அது தன் குரலே என்று தெரிகிறது. அப்புறம் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பிக் கூப்பிடுகிறது. எந்தப் பக்கம் பதில் வரவில்லையோ, அந்தப் பக்கம் கடல் திறந்திருக்கிறது.

நான் இதைச் சொல்லச் சொல்ல நண்பன் கேபிளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டான். “கதவைத் தொறந்து வெச்சா அந்தப் பக்கம் சத்தம் திரும்பாது. நீ சுத்திச் சுத்திக் கூப்டு. நான் மைக்கை நடுவுல வெக்கறேன்.”

“அவங்க ஒத்துக்கணுமே,” என்றார் அக்கா.

நிறுவனத்துப் பெண்ணைக் கூப்பிட்டேன். கடைசிப் பகுதியை மாற்றப்போகிறேன் என்றதும் அவர் தயங்கினார். ஒப்புக்கொண்ட கதை வேறு, நேரமும் இல்லை என்றார். ஒரு நிமிடம் மட்டும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்று கெஞ்சிவிட்டு, படியில் உட்கார்ந்து அந்த ஒரு காட்சியை எழுதினேன். உடனே பதிவு செய்தோம். அக்கா காலி இரும்பு அடுக்கின்மேல் ஈரத் துணியை இழுத்தார், கப்பல் முனகியது. அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். கீழே தள்ளுபடிக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தம் மேலே வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

போன் அடித்தது.

“இது எந்த ஸ்டுடியோங்க? அந்த எதிரொலியை எப்படிக் கொண்டுவந்தீங்க?”

“பண்ணலாமா?” என்று மட்டும் கேட்டேன்.

“பண்ணுங்க, பண்ணுங்க. என் பக்கத்துல இருக்கறவங்க எல்லாம் அது வெளிய வந்துச்சான்னு கேக்கறாங்க.”

படியிலேயே உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கம் முடிந்ததும் நண்பன் பிடுங்கிக்கொண்டு போவான், அக்காவும் அவனும் அதற்கான சத்தங்களைச் சேர்ப்பார்கள், நான் அடுத்த பக்கம் எழுதுவேன். பிறகு அறை நடுவில் நின்று பேசினேன். ஆமை தேம்பிய இடத்தில் நிஜமாகவே தேம்பினேன். திறந்த கதவைப் பார்த்து, “யாராவது இருக்கீங்களா?” என்று கூப்பிட்டபோது குரல் திரும்பி வராமல் போயிற்று. உடம்பெல்லாம் சிலிர்த்தது. கரையேறி முட்டையிடுகிற கடைசி இரண்டு பக்கங்களை மட்டும் கம்பளிக்குள் உட்கார்ந்து கிசுகிசுத்தேன். அது முடியவும், கீழே என்னுடைய குரலே ஒலிபெருக்கியில் ஆடித் தள்ளுபடிக்கு வரவேற்கவும் சரியாக இருந்தது.

கதை வெளியான பிறகு எங்களுக்கு வேலை வர ஆரம்பித்தது. ஒருவரை மட்டும் கேட்டு வந்தவர்களிடமும், மூன்று பேரும் சேர்ந்துதான் செய்வோம் என்று சொல்லிப் பழகிக்கொண்டோம். அக்காவை ஒரு நாடகக்குழு, மேடையிலேயே உட்கார்ந்து துணியால் கடல் செய்து காட்டக் கூப்பிட்டது. உடை தைக்க மட்டுமே மேடைப் பக்கம் போனவர், பார்வையாளர் முன்னால் உட்கார்ந்து அலை எழுப்பினார். முதல் வரிசையில் நானும் நண்பனும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். அண்ணாச்சியிடம் முறையாகப் பேசி, குடோனின் காலை நேரத்தை எங்களுக்கென்று வாங்கிக்கொண்டோம். பண்டிகைக்கு முன்னால் எந்த வாரம் சரக்கு ஏறும், எப்போது இறங்கும் என்று அண்ணாச்சியின் கடைப் பணியாளரிடம் கேட்டுக்கொண்டு, அதற்கேற்ப நான் காட்சிகளை எழுதுகிறேன்.

அந்த ஆடி முடிவதற்குள் ஒரு நாள், பாண்டி பஜார் பக்கம் மூவரும் நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நண்பன் முந்தின நாள் ஊருக்கு வெளியே அம்மாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். எட்டுப் பகுதியையும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினானாம். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்களாம்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டார் அக்கா.

“நல்லாகீதுன்னு எல்லாம் ஒண்ணும் சொல்லல. முட்டை போட்டுட்டு ஆமை கடலுக்குப் போச்சே, குஞ்சுங்களுக்கு யாரு வழி காட்டுவாங்கன்னு அம்மா சண்டைக்கு வந்துருச்சு. ‘அதுங்கள அப்டியே வுட்டுட்டா எப்டி’ன்னு என்னைக் கேக்குது.”

நான் இட்லித் தட்டை அக்காவிடம் நீட்டிவிட்டுக் கைபேசியை எடுத்தேன். இத்தனை நாளும் அந்த முட்டைகளைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அவன் அம்மா வேறு என்னவெல்லாம் கேட்டார் என்று விசாரித்து, ஒவ்வொன்றாக அங்கேயே தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். அக்கா என் தட்டிலிருந்த இட்லியைப் பிட்டு என் வாயில் ஊட்டிக்கொண்டே, மணலுக்கு அடியில் ஓடு உடைகிற சத்தத்துக்கு எந்தத் துணி சரியாக வரும் என்று நண்பனிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.